தகுதி வழக்கும் வங்கப் பஞ்சமும்

ஒன்றை அதற்குரிய இயல்பான சொல்லால் கூறுதல் தகாது எனக் கருதி, தகுந்த வேறு சொல்லால் கூறுவது தகுதி வழக்கு. பவணந்தி முனிவர் நன்னூலில் இதனை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்துகிறார். 'கால் கழுவி வந்தான்' என்பது இடக்கரடக்கல். செத்தாரைத் துஞ்சினார் என்பதும், இடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறி. அது அக்குழுவினர்க்கு மட்டுமே விளங்கும்.

கொல்கத்தாவில் வாழும் நமக்கு மங்கல வழக்கை விளக்க வெளியூர்ச் சான்று வேண்டியதில்லை. விடைபெறும் வங்காளியர் 'போகிறேன்' என்னாமல் 'ஆஷி' என்பர். 'வருகிறேன்' என்பது அதன் பொருள். நம் வீடுகளிலும் 'போய் வருகிறேன்' என்றே சொல்கிறோம். வங்காள வீடுகளில் அரிசி தீர்ந்துவிட்டால் 'சால் பாடந்தோ' என்பார்கள். 'பாடந்தோ' என்றால் 'வளர்கின்ற' என்று பொருள். தீர்ந்துபோன அரிசியை வளரும் அரிசி என்பது எத்துணை நயம்! ஆயினும் இச்சொல் யாரையும் ஏமாற்றுவதில்லை. கேட்டவர் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் புறப்படுவார். அன்று மாலையே வீட்டுக்கு அரிசி வந்துவிடும்.

இதே நகரில் 1943ஆம் ஆண்டு வேறு வகையான சொற்கள் வழங்கின. அவ்வாண்டு வங்காளத்தில் கொடும் பஞ்சம் நிலவியது. மேதினிப்பூர், இருபத்து நான்கு பர்கனா முதலிய மாவட்டங்களிலிருந்து உழவர் குடும்பங்கள் நகரத் தெருக்களுக்கு வந்து சேர்ந்தன. அவர்கள் வீட்டு வாயில்தோறும் நின்று சோறு கேட்கவில்லை; 'பேன்', அதாவது வடிகஞ்சி கேட்டார்கள். ஆயினும் ஆங்கில அரசு 'பஞ்சம்' என்னும் சொல்லை முறைப்படி அறிவிக்கவில்லை. காரணம் சொல்நயம் அன்று. பஞ்சகால விதித்தொகுப்பு ஒன்று அப்போது நடைமுறையில் இருந்தது. பஞ்சம் என்று அறிவித்துவிட்டால், அவ்விதிகளின்படி நிவாரண வேலையும் வரையறுத்த அளவு உணவும் தருவது அரசின் கடமையாகிவிடும். தருவதற்கு உணவு கையில் இல்லாமையால் அவ்விதிகளைச் செயற்படுத்தவில்லை என்று ஆளுநர் ரூதர்போர்டு வைசிராய்க்கே எழுதினார். ஒரு சொல்லைச் சொல்லாமையால் ஒரு கடமை தட்டிக்கழிக்கப்பட்டது.

தெருவில் பசியால் விழுந்து கிடந்தவர்களை அரசுக் குறிப்புகள் 'ஆதரவற்றோர்' என்றன. அவர்களை வண்டிகளில் ஏற்றி நகருக்கு வெளியே முகாம்களுக்கு அனுப்ப ஓர் அவசரச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பெயரில் 'தாயகம் திருப்பி அனுப்புதல்' என்னும் பொருள்படும் சொல் இடம்பெற்றது. அயல்நாட்டார்க்கு உரிய சொல்லைப் பக்கத்து மாவட்டத்து உழவர்க்குச் சூட்டியதை என்னென்பது!

இச்சொற்கள் தகுதி வழக்கின் எவ்வகையைச் சார்ந்தவை? மேலோட்டமாக நோக்குவோர் மங்கலம் என்பர். கடுமை குறைந்து மென்மையாக ஒலிக்கின்றன அல்லவா? மங்கலத்தில் சொல்பவரும் கேட்பவரும் உண்மையை அறிவர். துயரத்தை மட்டுமே சொல் மென்மையாக்குகிறது. இங்கோ சொல்பவர் உண்மையை அறிவார். தொலைவிலிருந்து அறிக்கையைப் படிப்பவர் அறியார். பொன்னை விற்க வந்தவர் எதிரில் 'பறி' என்று பேசிக்கொள்ளும் பொற்கொல்லரின் முறைக்கே இது நெருங்கியது. மங்கலத்தின் ஆடையை உடுத்த குழூஉக்குறி என இதனைக் கொள்ளலாம். இவ்வாறொரு வகையைப் பவணந்தியார் கூறவில்லை. அவர் காலத்தில் இத்தகைய அரசு அறிக்கைகள் இல்லை.

அந்த மறைப்பை உடைத்தது மற்றொரு சொல் அன்று, புகைப்படம். போர்க்காலக் கட்டுப்பாடுகள் செய்தித்தாள்களின் எழுத்தை நெருக்கின. 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழின் ஆசிரியர் அயன் ஸ்டீபன்ஸ் 1943 ஆகஸ்ட் 22 அன்று கொல்கத்தா தெருக்களில் பசியால் மடிந்துகொண்டிருந்தோரின் படங்களை வெளியிட்டார். சௌரங்கியில் அவ்விதழின் பழைய கட்டடத்தை நீங்கள் பேருந்திலிருந்து பார்த்திருக்கக்கூடும். அப்படங்களுக்குப் பின் உலகின் பிற பகுதிகளிலும் இப்பஞ்சம் பேசப்பட்டது. பின்னர் அமைந்த விசாரணைக் குழு 1945இல் தன் அறிக்கையை அளித்தது. இறந்தோர் ஏறத்தாழ 15 இலட்சம் என்பது அக்குழுவின் கணக்கு. ஆய்வாளர் சிலர் 30 இலட்சம் வரை கூறுவர்.

வங்க மக்கள் இதற்கு வைத்த பெயர் 'பஞ்சாஷேர் மன்வந்தர்'. பஞ்சாஷ் என்றால் ஐம்பது. அது வங்க ஆண்டு 1350ஐக் குறிக்கும். ஊழி மாறுதலைக் குறிக்கும் 'மன்வந்தரம்' என்னும் வடசொல்லே அங்குப் பெரும்பஞ்சத்தின் பெயராயிற்று.

பயிற்சி

1. 'விளக்கை அணை' என்பதை 'விளக்கைக் குளிர வை' என்பது தகுதி வழக்கின் எவ்வகை?

2. விலை உயர்வை 'விலைத் திருத்தம்' என்றும், வேலைநீக்கத்தை 'ஆட்குறைப்பு' என்றும் வழங்குகின்றனர். இவை மங்கலமா, குழூஉக்குறியா? யார் சொல்கிறார், யார் கேட்கிறார் என்பதைக் குறிப்பிட்டு விடை எழுதுக.

3. 'ஊனமுற்றோர்' என்பதற்கு மாற்றாக 'மாற்றுத்திறனாளி' வந்தது. மேற்கண்ட சொற்களிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது?

4. உங்கள் வீட்டாரிடமோ வங்காள நண்பரிடமோ கேட்டு, இப்பாடத்தில் இல்லாத இரண்டு மங்கல வழக்குகளை எழுதி வருக.