ஏற்றிக்கொண்டே போகும் மச்சானிடம் எப்போது பிளஃப் அடிக்கலாம்?

கேள்வி: தீபாவளிக்குச் சொந்தபந்தம் தோட்டத்து வீட்டில் கூடும்போது ராத்திரி போக்கர் ஆடுவோம். காசு கிடையாது, வெறும் சிப்ஸ்தான். என் மச்சான் எந்தச் சீட்டு வந்தாலும் ஏற்றிக்கொண்டே போவார். நாங்கள் பயந்து ஃபோல்ட் செய்துவிடுகிறோம். அவரிடம் எப்போது பிளஃப் அடிக்கலாம்?
– வாசகர், பெஸ்தாரி ஜெயா

பதில்: தம்பி, காசில்லாமல் ஆடுவது நல்ல பழக்கம், அதை விட்டுவிடாதீர்கள். நம் நாட்டில் சட்டப்படி நடக்கும் ஒரே கேசினோ கெந்திங் மலையில் இருக்கிறது. வீட்டில் பணம் வைத்து ஆடினால் 1953ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்தில் மாட்டிக்கொள்ள நேரலாம்.

மச்சான் ஓயாமல் ஏற்றுகிறார் என்பது பாதிச் செய்திதான். அவர் ஏற்றியதற்கு மேல் யாராவது ஏற்றினால் என்ன செய்கிறார்? சீட்டைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார் என்றால் அவரிடம் பிளஃப் பலிக்கும். ரோஷத்துக்குக் கால் செய்கிறவர் என்றால் பலிக்கவே பலிக்காது. அப்படிப்பட்டவரிடம் நல்ல சீட்டு வரும்வரை பொறுத்திருங்கள். பாட்டை, அதாவது நடுவில் சேரும் சிப்ஸ் குவியலை, அவரே நிரப்பித் தருவார்.

கணக்கையும் பாருங்கள். பாட்டில் 100 சிப்ஸ் இருக்கிறது, மச்சான் 50 வைக்கிறார். கையில் ஒன்றுமில்லாமல் நீங்கள் 150க்கு ஏற்றினால், 150ஐப் போட்டு 150ஐப் பிடிக்கப் பார்க்கிறீர்கள். இரண்டு தடவையில் ஒரு தடவையாவது அவர் ஃபோல்ட் செய்தால்தான் கையைக் கடிக்காது.

அதனால்தான் வெறுங்கையோடு பிளஃப் அடிக்காதீர்கள் என்கிறேன். 2003 உலகப் போக்கர் போட்டியின் கடைசிக் கட்டத்தில், துணிந்து ஏற்றுவதற்குப் பேர்போன சாம் ஃபர்ஹாவை கிறிஸ் மணிமேக்கர் மடக்கிய ஆட்டம் நல்ல பாடம். மணிமேக்கர் கையில் இஸ்பேடு ராஜாவும் ஆர்ட்டின் ஏழும். மேசையில் நான்காவது சீட்டாக இஸ்பேடு எட்டு விழுந்தபோது அங்கே மூன்று இஸ்பேடு சேர்ந்துவிட்டன. அவருக்கு ஒரு ஜோடிகூட இல்லை. ஆனால் பார்க்காத 46 சீட்டில் 15 சீட்டு ஃப்ளஷ் அல்லது ஸ்ட்ரெய்ட் கொடுக்கும். மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. ஃபர்ஹா பந்தயம் வைத்ததும் இவர் ஏற்றினார், ஃபர்ஹா கால் செய்தார். கடைசிச் சீட்டு உதவவில்லை. ஆனால் முந்தின சீட்டில் பந்தயம் வைத்த ஃபர்ஹா இப்போது செக் சொல்லி நின்றார். மணிமேக்கர் இருந்த சிப்ஸ் மொத்தத்தையும் தள்ளினார். ஒன்பதில் ஒரு ஜோடி சேர்ந்திருந்த ஃபர்ஹா, நெடுநேரம் யோசித்து ஃபோல்ட் செய்தார்.

மணிமேக்கர் ஏற்றிய விதம் ஃப்ளஷ் வைத்திருப்பவர் ஏற்றும் விதமாகவே இருந்தது. ஃபர்ஹாவுக்குப் பின்னால் ஆடும் இடமும் அவருக்கு அமைந்திருந்தது. இந்த இரண்டும் இல்லாத நேரத்தில் நீங்கள் பூச்சாண்டி காட்டவேண்டாம்.

உங்கள் மேசையில் இன்னொரு சிக்கல் உண்டு. இழக்கக் காசு இல்லாதபோது, “சரி, பார்த்துடுவோம்” என்று யாரும் கால் செய்துவிடுவார்கள். பீர் உள்ளே போனபிறகு கேட்கவே வேண்டாம். அதற்கு ஒரு வழி இருக்கிறது: எல்லாருக்கும் ஒரே அளவு சிப்ஸ் கொடுங்கள், தீர்ந்தால் மறுபடி கொடுக்காதீர்கள், தீர்ந்தவர் எழுந்து போகட்டும். அப்போது மச்சானுக்கும் சிப்ஸின் அருமை தெரியும், ஃபோல்ட் செய்யவும் மனம் வரும்.

வரும் தீபாவளிக்கு முதல் ஒரு மணி நேரம் பிளஃப் வேண்டாம், தம்பி. எதிர்த்து ஏற்றும்போதெல்லாம் மச்சான் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். பாதிக்குமேல் ஃபோல்ட் செய்தால் மட்டும் இறங்குங்கள்.