மழையில் வண்டி எடுக்கும் பிள்ளைக்கு

தம்பி, ஐப்பசி பிறக்கப் போகிறது. உரிமம் வாங்கிவிட்டாய், வண்டியும் கைக்கு வந்துவிட்டது. வெயிலில் நன்றாகத்தான் ஓட்டுகிறாய், பார்த்தேன். ஆனால் நம் காஞ்சிபுரத்துக்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் சேர்ந்து கொட்டும். தீபாவளிப் புடவைக் கூட்டமும் கார்த்திகை முகூர்த்தங்களும் அதே மாதங்களில்தான். சவாரி குவியும் நாளும் சாலை கெட்டுக் கிடக்கும் நாளும் இங்கே ஒன்றாகவே வரும். அதனால் சிலவற்றை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

1. முதல் தூறலுக்கு அஞ்சு. அடைமழையைவிட அதுதான் வழுக்கும். மாதக்கணக்கில் சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் டயர்த் தூளும் கொஞ்சம் நீர் பட்டதும் குழைந்து பசையாகிவிடும். நன்றாகப் பெய்து கழுவிய பிறகே பிடிப்பு ஓரளவு திரும்பும். எனக்கு வண்டி கற்றுக்கொடுத்த பெரியவர் பொன்னேரிக்கரைப் பக்கம் தூறல் விழுந்தால் டீக்கடையோரம் நிறுத்திவிடுவார். "ரோடு குளிச்சு முடிக்கட்டும்" என்பார். இளசுகள் நாங்கள் அதைப் பயம் என்று நினைத்தோம். ஆனால் ஊரில் பிள்ளைகுட்டிகளோடு போகிறவர்கள் எல்லாரும் அவரைத்தான் தேடி வந்தார்கள்.

2. மழைக்கான வேலையை வெயிலிலேயே முடி. டயர் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். நீ அதுவரை காத்திருக்காதே, முன்னதாகவே மாற்று. பட்டன் தேய்ந்தால் நீர் வெளியேற வழியில்லாமல் டயர் தண்ணீர்மேல் மிதக்கும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகும். அப்போது பிரேக்கை மிதிக்காதே, ஸ்டியரிங்கை ஒடிக்காதே. ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து நேராகப் பிடித்துக்கொள். வைப்பர் ரப்பரையும் பார்த்துக்கொள்.

3. முன்வண்டியிடமிருந்து தள்ளிப் போ. ஈரச் சாலையில் வண்டி நிற்க ஏறக்குறைய இரண்டு பங்கு தூரம் வேண்டும். சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பேருந்துகளும் கன்டெய்னர் லாரிகளும் நெருக்கும். நீ விட்ட இடைவெளியில் ஒருவன் புகுந்தால் புகட்டும், மறுபடியும் இடைவெளி விடு. பின்னால் ஹாரன் அடிக்கிறவனுக்குப் பதில் சொல்ல உன் வண்டியில் இருக்கிறவர்கள் காசு கொடுக்கவில்லை. நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டபடி ஓட்டாதே, நீ எந்தப் பக்கம் திரும்புகிறாய் என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. முகப்பு விளக்கைத் தாழ்த்திப் போட்டாலே போதும்.

4. இதைத்தான் நீ முக்கியமாக மனத்தில் வைக்க வேண்டும். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் தண்ணீர் தேங்கியிருந்தால் நடக்கிற வேகத்தில் போ. அங்கே பல வீடுகளில் இன்றும் குழித்தறிதான். நெசவாளி கால் வைத்து மிதிக்கும் குழி தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. நீ வேகமாகப் போனால் தெருவில் எழும் அலை வாசற்படி ஏறி உள்ளே போய் அந்தக் குழியில்தான் இறங்கும். மழைக்காலம் ஏற்கெனவே அவர்களுக்குப் பாதி வருமானக் காலம். தெருவில் பாவு நீட்ட முடியாது, காற்றின் ஈரம் ஏறித் தறி மரம் உப்பும், ஜக்கார்டு அட்டை நமுக்கும். ஒருமுறை எனக்கு முன்னால் ஒரு கார் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. திண்ணையில் நின்ற ஒரு அம்மா கையில் துடைப்பத்தோடு என் கண்ணாடியைத் தட்டினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "நீயாவது மெதுவா போப்பா, குழி காயற வரைக்கும் அவர் தறியில உட்கார முடியாது" என்றார். நாம் ஏற்றிச் செல்லும் கல்யாண வீட்டாரெல்லாம் அந்தத் தறிகளை நம்பித்தானே இந்த ஊருக்கு வருகிறார்கள்? நடந்து போகிறவர்மேல் சேறு தெறித்தால் இறங்கி மன்னிப்புக் கேள்.

5. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்கள், சக்கரத்துக்கும் அதுதான். 2021 நவம்பரில் பாலாறு கரைகொள்ளாமல் போனபோது வாலாஜாபாத் – அவளூர் தரைப்பாலம் உடைந்து போக்குவரத்து நின்றது. வருடத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு என்பதால் நம் ஆட்களுக்கு அதன்மேல் பயம் கிடையாது. ஓடும் நீர் ஒரு அடி இருந்தாலே சின்னக் காரைத் தூக்கிவிடும், இரண்டு அடி இருந்தால் பெரிய வண்டியையும் தள்ளும். கீழே பாலம் இருக்கிறதா என்பதும் மேலிருந்து தெரியாது. எதிர்க்கரையில் கைகாட்டி வா வா என்பவன் உன்னோடு வண்டியில் இல்லை. செவிலிமேட்டுப் பெரிய பாலம் வழியாகச் சுற்றிப் போ, டீசல் போனால் போகட்டும். தேங்கிய நீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதே. இன்ஜினுக்குள் நீர் போயிருந்தால் அந்த ஒரு திருப்பலிலேயே கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். ஆளை இறக்கு, தள்ளு, மெக்கானிக்கைக் கூப்பிடு. நீரைக் கடந்து வந்த பிறகு பிரேக்கை இரண்டு மூன்று முறை மெல்ல அழுத்திப் பார்.

6. முகூர்த்த நேரம் உன் காலில் ஏறிவிடக்கூடாது. பின்சீட்டில் பெண்ணின் அப்பா கடிகாரத்தைப் பார்ப்பார், பாவம், அவருக்கு அது வாழ்நாள் நேரம். அவரிடம் எரிந்து விழாதே. முதல் நாளே பேசு: "மழை இருக்கும், ஒரு மணி நேரம் முன்னாடி கிளம்பலாம் ஐயா." பட்டுப்புடவைப் பையை டிக்கியில் தரையோடு வைக்காமல் சீட்டில் வைக்கச் சொல். நனைந்த பட்டும் ஜரிகையும் பழையபடி ஆகாது.

7. சவாரி வேண்டாம் என்று சொல்லப் பழகு. இது எல்லாவற்றிலும் கடினம், வீட்டில் அரிசி வாங்க வேண்டும் அல்லவா. 2015 டிசம்பர் 1 இரவு அடையாறு பெருகி சென்னையின் தெருக்களுக்குள் புகுந்தது. கிளம்பும்போது நன்றாக இருந்த சாலை திரும்பும்போது இல்லாமல் போனதை அன்று எத்தனையோ ஓட்டுநர்கள் பார்த்தார்கள். வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விட்டால் வண்டி முதலாளியிடம் பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல். அவர் கோபித்துக்கொள்ளலாம், வேறு ஆளை அனுப்பலாம். உனக்குச் சேர வேண்டிய அன்றைய படி போகும். மழை விட்டதும் சவாரி கேட்ட வீட்டாருக்கு நீயே போன் போட்டு, எப்போது கிளம்பலாம் என்று கேள்.