துபாயில் வேலை, ஊரில் ஓட்டு

வெளிநாட்டில் வேலைக்கோ படிப்புக்கோ போயிருந்தாலும், இந்தியக் குடியுரிமையை விடாதவரை ஊரில் ஓட்டுப் போடலாம்.

1. படிவம் 6ஏ நிரப்புங்கள். படிவம் 6 உள்ளூரில் இருப்பவர்களுக்கானது. தேர்தல் ஆணைய இணையதளத்திலேயே அனுப்பலாம்.

2. பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரியைச் சரிபாருங்கள். அந்தத் தொகுதியில்தான் பெயர் சேரும். வீடு மாறியிருந்தால் முதலில் பாஸ்போர்ட்டை மாற்றுங்கள்.

3. பாஸ்போர்ட்டில் புகைப்படம், முகவரி, விசா உள்ள பக்கங்களின் நகலில் கையெழுத்திட்டு இணையுங்கள். விசா பக்கத்தை மறந்துவிடாதீர்கள்; வெளிநாட்டில் இருப்பதற்கு அதுதான் சான்று.

4. பழைய வாக்காளர் அட்டை இருந்தால் ஒப்படையுங்கள். ஒருவர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது.

5. டிக்கெட் எடுக்கும் முன் வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். தபால் ஓட்டு, ஆன்லைன் ஓட்டு எதுவும் உங்களுக்குக் கிடையாது. நேரில்தான் வர வேண்டும். பெயர் இல்லாவிட்டால் விமானச் செலவு தண்டம். (உங்கள் பெயர் வாக்குச்சாவடிப் பட்டியலின் கடைசிப் பகுதியில் இருக்கும்.)

6. அசல் பாஸ்போர்ட்டைக் கொண்டுவாருங்கள். வெளிநாட்டு வாக்காளருக்கு அட்டை தருவதில்லை, பாஸ்போர்ட்தான் அடையாளம்.

7. ஊருக்கே திரும்பிவிட்டால் படிவம் 6 கொடுத்து, சாதாரண வாக்காளராகப் பதிந்துகொள்ளுங்கள்.

ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருப்பவர்களுக்கு ஓட்டுரிமை இல்லை.