கவுண்டி வாரி இறப்பு விகிதம்: அவசரப்படாமல் படிக்க

அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு கவுண்டி. இறப்பு விகிதமும் கவுண்டி வாரியாக, லட்சம் பேருக்கு இத்தனை என்று வெளியாகிறது. பட்டியலைப் பார்த்ததும் இது ஆரோக்கியமான ஊர், அது ஆகாத ஊர் என்று முடிவு கட்டத் தோன்றும். அங்கே வீடு வாங்க நினைப்பவர்களும் செய்தி எழுதுபவர்களும் கொஞ்சம் பொறுக்கலாம்.

செய்ய வேண்டியவை

• முதலில் வயதைப் பாருங்கள். ஃபுளோரிடாவின் சம்டர் கவுண்டியில் 'தி வில்லேஜஸ்' என்ற ஓய்வுபெற்றோர் குடியிருப்பு இருக்கிறது. கவுண்டி மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 65 வயதைத் தாண்டியவர்கள். சாவு அதிகமாகத்தானே இருக்கும்? வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிய விகிதத்தை எடுத்தால் இதே சம்டர் நல்ல பெயர் வாங்கிவிடும். இந்தச் சரிக்கட்டலுக்கு 2000ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகையை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.

• யார் கணக்கில் சேர்கிறார்கள் என்று விசாரியுங்கள். அதே ஃபுளோரிடாவில் யூனியன் கவுண்டி, வயதைச் சரிக்கட்டிய பிறகும் புற்றுநோய்ச் சாவில் நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கும். தண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது என்று கிளம்பிவிடாதீர்கள். அங்குள்ள லேக் பட்லரில் சிறைத்துறையின் மருத்துவமனை இருக்கிறது. மாநிலத்தின் பல சிறைகளிலிருந்தும் நோய் முற்றிய கைதிகளை அங்கே அனுப்புகிறார்கள். அவர்கள் இறந்தால் யூனியன்வாசிகளாகவே பதிவாகிறார்கள். கவுண்டியின் மக்கள்தொகையோ சுமார் 16,000தான். கணக்கு சாயாமல் என்ன செய்யும்?

• சின்னக் கவுண்டி என்றால் பல ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். டெக்சஸின் லவிங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி இருந்தவர்கள் 64 பேர். ஓராண்டில் ஒருவர் காலமானால் லட்சத்துக்கு 1,500க்கு மேல். யாரும் சாகாவிட்டால் பூஜ்யம். 20க்குக் குறைவான சாவுகளிலிருந்து வரும் விகிதத்தை, நோய்த் தடுப்பு மையமான சிடிசியே நம்பத்தகாதது என்று குறித்துவிடுகிறது.

செய்யக்கூடாதவை

• பெரிய மருத்துவமனை இருப்பதால்தான் சாவு கூடுகிறது என்று சொல்லாதீர்கள். மின்னசோட்டாவின் ஓல்ம்ஸ்டெட் கவுண்டியில் மேயோ கிளினிக் இருக்கிறது. வெளியூர் நோயாளி அங்கே இறந்தாலும், அந்தச் சாவு அவர் குடியிருந்த கவுண்டியின் கணக்கில்தான் ஏறும். யூனியன் கதை வேறு: நீண்டகாலக் கைதிக்குத்தான் சிறையே வீடாகிவிடுகிறது.

• இந்த விகிதங்களைக் காட்டும் வரைபடத்தின் நிறத்தை நம்பாதீர்கள். கண்ணை இழுப்பது பரப்பளவு. அங்கே எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பதை நிறம் சொல்லாது.

• மாநிலச் சராசரியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். சம்டரும் யூனியனும் ஒரே ஃபுளோரிடாவில்தான் இருக்கின்றன.

• இத்தனையும் படித்துவிட்டு, எல்லா வித்தியாசமும் கணக்கு மாயம் என்ற முடிவுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள். நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான். தெற்கு டகோட்டாவின் ஓக்லாலா லகோட்டா கவுண்டி, பைன் ரிட்ஜ் பழங்குடி ஒதுக்கீட்டுப் பகுதிக்குள் இருக்கிறது. 2014 நிலவரத்தை வைத்து வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போட்ட கணக்கில் அங்கே சராசரி ஆயுள் 66.8 வயது, கொலராடோவின் சம்மிட் கவுண்டியில் 86.8. சரியாக 20 ஆண்டு இடைவெளி. சர்க்கரை நோய், குடி, சாலை விபத்து, இவற்றுக்கெல்லாம் அடியில் தலைமுறைகளாகத் தொடரும் வறுமை. இந்த இடைவெளியைச் சிறை மருத்துவமனை மீதும் சின்ன எண்ணிக்கை மீதும் பழியைப் போட்டுத் தப்பிக்க முடியாது.