கடலோர ஆய்வுக்கூடங்களில் ஒட்டுமரம்

கடற்கரையில் எழுப்பப்படும் ஆய்வுக்கூடத்திற்கு முதற்பகை உப்பு. காற்றோடு வரும் குளோரைடு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே ஊடுருவி, உள்ளிருக்கும் கம்பியை அடைகிறது. கம்பி துருவேறிப் பருக்க, மேலுள்ள கான்கிரீட் வெடித்து உதிர்கிறது. மரத்தை உப்பு இவ்வாறு சிதைப்பதில்லை. கடலோரக் கட்டடங்களுக்கு ஒட்டுமரம் ஆராயத்தக்கது என்பதற்கு இதுவே முதற்காரணம்.

சிறு பலகைகளை உலர்த்தி, இழையோட்டம் ஒரே திசையில் அமையப் பசையிட்டு அழுத்தினால் நீண்ட உத்திரம் கிடைக்கும். ஜெர்மனியின் ஓட்டோ ஹெட்சர் 1906-இல் வளைந்த உத்திரங்களுக்குக் காப்புரிமை பெற்றார். பலகைகளை ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கும் முறை 1990-களில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் வளர்ந்தது. பெருமரங்களை வெட்டாமல், தோட்டங்களில் வளரும் சிறுமரங்களையே இதற்குப் பயன்படுத்தலாம். நம் நாட்டில் மத்தியப் பொதுப்பணித் துறை 1993-இல் தன் கட்டடங்களில் மரத்திற்கு விதித்த தடையை 2020-இல் நீக்கியது.

ஆயினும் மரத்தின் உண்மையான பகை நீர். ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பற்றும். கூடத்தின் நடுவே செல்லும் உத்திரம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்; தூணின் அடியும், சுவருக்கு வெளியே நீளும் உத்திர முனையுமே முதலில் உளுக்கும். தூணைத் தரையில் ஊன்றாது, உயர்ந்த கான்கிரீட் பீடத்தின் மேல் உலோகக் காலணியில் நிறுத்த வேண்டும். கொங்கணக் கரையின் பழைய வீடுகளில் காணும் நீண்ட இறவாரம் வெறும் அழகுக்காக அன்று.

பசையிலும் கவனம் தேவை. டெண்டர்களில் 'நல்ல ஒட்டுப்பலகை' என்று மட்டும் எழுதுவது போதாது. பொதுப் பயனுக்கான பலகைக்கு இந்தியத் தரம் 303. கடல்சார் பலகைக்கு 710. பின்னதன் பசை 72 மணிநேரக் கொதிநீர்ச் சோதனையைத் தாங்க வேண்டும். பசை தாங்குவதால் மரமும் தாங்கும் என்று கருதலாகாது. காப்பு மருந்து ஊட்டுவது இன்றியமையாதது. செம்பு கலந்த மருந்து துத்தநாகப் பூச்சை அரிக்கும். ஆதலால் ஆணிகளும் போல்ட்டுகளும் மாலிப்டினம் கலந்த துருவேறா எஃகாக இருத்தல் நலம். இச்செலவைக் குறைக்க முயல்வோர் கட்டடத்தின் ஆயுளையே குறைக்கின்றனர்.

தீயைப் பற்றிய அச்சம் ஓரளவே நியாயமானது. பருத்த உத்திரம் நிமிடத்திற்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர் வீதமே கரியாகும். அந்தக் கரியே உள்மரத்தைக் காக்கும்.

மரம் கான்கிரீட்டின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. அடித்தளச் செலவு குறைகிறது. ஆனால் புயற்காற்று கூரையை மேலே இழுக்கும்போது அந்த எடைக்குறைவே குறையாகிறது. கூரையிலிருந்து அடித்தளம் வரை இடையறாத எஃகுப் பிணைப்பு வேண்டும். மேலும், இலகுவான தளம் எளிதில் அதிரும். நுண்ணோக்கி, நுண்தராசு ஆகியவற்றைத் தரைமட்டக் கான்கிரீட் தளத்திலும், நூலகம், அலுவலகம், கூட்ட அறை ஆகியவற்றை மர மாடியிலும் அமைப்பதே தக்க பங்கீடு.