நாற்காலிக்கு எதிரே நிற்கிறவர்கள்

அன்புள்ள அம்மிணி,

பரமத்தி வேலூருக்கு அடுத்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீ பொறுப்பேற்றுக்கொண்ட செய்தி எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. ஆயினும், "இந்த ஜனங்கள் எவ்வளவு சொன்னாலும் புகையிலையை விடுவதில்லை, பொழுது சாய்ந்தால் குடியையும் விடுவதில்லை" என்று உன் கடிதத்தில் எழுதியிருந்தாயே, அந்த வாக்கியம் இரண்டு நாட்களாக என்னை விட்டு அகலவில்லை. உன் வயதில் நானும் அதே வாக்கியத்தை, அதே சலிப்போடு, பலமுறை சொல்லியிருக்கிறேன்.

கொடிக்காலுக்குள் நீ ஒருமுறையேனும் போய்ப் பார்க்கவேண்டும். விடியுமுன்பே வீட்டை விட்டுப் புறப்பட்டு, அகத்தி நிழலில் ஈரம் காயாத பாத்திகளுக்கு நடுவே நின்றபடியே வெற்றிலை கிள்ளி, கவுளி கவுளியாக அடுக்கி, 104 கவுளி கொண்டது ஒரு சுமை என்று கட்டி முடிக்கும்வரை வயிற்றில் ஆகாரம் இறங்காத ஒரு பெண்ணுக்கு, கடைவாயில் அடக்கிக்கொள்ளும் புகையிலைத் துண்டு பசியை மறக்கச் செய்கிற மருந்தாகவே இருந்துவருகிறது. அதே புகையிலையைத் தோட்டத்துக்காரரும் போடுகிறார். ஆனால் அவர் போடுவது வயிறார உண்ட பிறகு, திண்ணையில் சாய்ந்துகொண்டு. அவர் வாயில் ஒரு வெள்ளைத் திட்டுத் தோன்றினால் மறுநாளே ஈரோட்டுக்கோ கோயமுத்தூருக்கோ கார் புறப்படும். அவளுக்குத் தோன்றினாலோ, கூலி போகுமே என்ற அச்சத்தில் அது ஆறுமாதம் அங்கேயே இருக்கும். வெற்றிலையோடு சேரும் புகையிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1985-லேயே அறிவித்தது. 2004-ல் வெறும் பாக்கையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. அந்த எச்சரிக்கை இருவருக்கும் பொதுவானதுதான். அதன்படி நடப்பதற்கு வேண்டிய அவகாசம் ஒருவருக்கே வாய்த்திருக்கிறது.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லவே நெஞ்சு கனக்கிறது. நான் பணியாற்றிய ஓர் ஆஸ்பத்திரியில், கன்னத்தின் உட்புறம் புண்ணோடு வந்த ஒரு கூலிக்காரப் பெண்ணை, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னிலையிலும், "இந்தக் கழிசடையை வாயில் வைத்துக்கொண்டு என்னிடம் வராதே" என்று கடிந்து அனுப்பினேன். அவள் நான் சொன்னபடியே வராமல் இருந்தாள். பதினான்கு மாதங்களுக்குப் பிறகு அவளுடைய மகன் அவளைத் தாங்கி அழைத்து வந்தபோது தாடையெல்லாம் வீங்கியிருந்தது; அப்போது என்னால் செய்யக்கூடியதாக இருந்தது வலிக்கு மாத்திரை எழுதிக்கொடுப்பது ஒன்றுதான். புகையிலை அவளைக் கொன்றது என்று சான்றிதழில் எழுதலாம். ஆனால் அந்தப் பதினான்கு மாதங்களுக்குப் புகையிலை காரணமன்று.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. லண்டன் மாநகரில் வைட்ஹால் என்னும் அரசாங்க அலுவலகப் பகுதியில் 1967-ல் தொடங்கி ஏறக்குறைய 18,000 ஆண் உத்தியோகஸ்தர்களைத் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். அந்தக் கணக்குகளை மைக்கேல் மார்மட் முதலிய அறிஞர்கள் ஆராய்ந்து வெளியிட்டார்கள். பட்டினி என்பதை அறியாத, மாதச் சம்பளம் பெற்ற அவர்களுக்குள்ளேயே, கடைநிலைச் சிப்பந்திகள் இருதய நோயால் இறந்த விகிதம் உயர்ந்த அதிகாரிகளினுடையதைப்போல் மும்மடங்குக்கு மேல் இருந்தது. அதிலும், நடுவில் இருந்த ஒவ்வொரு படியும் தனக்கு மேற்படியைக் காட்டிலும் சற்று அதிகமாகவே நோயுற்றது. கீழே இருந்தவர்கள் அதிகம் புகைத்தார்கள் என்பது உண்மையே. ஆனால் புகையையும் ரத்தக் கொதிப்பையும் கொழுப்பையும் கணக்கிலிருந்து கழித்த பிறகும் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி அப்படியே நின்றது. 1985-ல் தொடங்கிய இரண்டாவது ஆராய்ச்சியோ, தன் வேலையின் போக்கில் தனக்கு யாதொரு சுதந்திரமும் இல்லாதவனுடைய இருதயம் விரைவில் பழுதடைகிறது என்று காட்டியது. கரும்பாலைக் கொட்டகையில் கொப்பரையின் அனலுக்கு எதிரே நின்று, எப்போது உட்காரலாம் என்பதைக்கூடப் பிறர் சொல்லக் கேட்டுப் பழகியவனை நினைத்துக்கொள். லாரியில் டிரைவரின் ஏச்சையும் கண்விழிப்பையும் ஒருங்கே சுமக்கும் கிளீனரையும் நினைத்துக்கொள்.

பழக்கத்தை மட்டும் பாராமல் வாழ்க்கை நிலைமையையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்பது நம் ஜில்லாவுக்குப் புதிய பாடமன்று. இன்றைய நாமக்கல் அன்று சேலம் ஜில்லாவுக்குள் அடங்கியிருந்தது. 1937 அக்டோபர் முதல் தேதி, இராஜாஜியின் மந்திரிசபை மதுவிலக்கைச் சென்னை மாகாணத்தில் முதன்முதலாக இங்கேதான் கொண்டுவந்தது. அதை மட்டும் நினைவில் வைத்து நாம் பெருமை பேசுகிறோம். அதே மந்திரிசபை மறு வருஷமே விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைச் செய்ததையும், அதற்கெல்லாம் முன்பு, 1925 முதல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி நிறுவிய காந்தி ஆசிரமத்தில் மழை பொய்த்த ஊர்களின் பெண்களுக்கு ராட்டை மூலம் கூலி கிடைத்ததையும் மறந்துவிடுகிறோம். கள்ளுக்கடையை மூடிய அவர், குடிப்பவனுடைய கடனையும் அவன் மனைவியின் அடுப்பையும் சேர்த்தே எண்ணினார் என்பது என் அபிப்பிராயம். சட்டம் பின்னர் தளர்ந்ததும் போனதும் வேறு கதை.

ஆகையால், அம்மிணி, புகையிலையை விடச் சொல்லாதே என்று நான் சொல்லவில்லை, சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதைச் சொல்லுமுன், காலையில் என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்கு வேலைக்குப் போனாய், இங்கே வந்ததால் எவ்வளவு கூலி போயிற்று என்று கேள். நம் கொங்கு நாட்டில் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுகிற மரியாதை எல்லோருக்கும் தெரியும்; அந்த 'ங்க' தோட்டத்துக்காரருக்கு மட்டும் சென்று, துண்டை இடுக்கிக்கொண்டு நிற்கிறவனிடம் வரும்போது உதிர்ந்துபோவதையும் நீ கவனித்திருப்பாய். உன் அறையில் அது உதிராமல் பார்த்துக்கொள். உன் நாற்காலிக்கு எதிரே இன்னொரு நாற்காலி இருக்கட்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீடு வீடாகக் கொண்டுபோகும் பெண் தன்னார்வலர்களோடு சிரத்தையாகச் சம்பாஷித்துப் பார். எந்த வீட்டில் மாத்திரை பிரிக்கப்படாமல் கிடக்கிறது, ஏன் கிடக்கிறது என்பதெல்லாம் உன் பதிவேட்டைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆடிப் பெருக்கன்று காவிரிக் கரையில் கூட்டம் நெரியும். அதற்கு முந்தின நாளே வந்துவிடு. இருட்டோடு கிளம்பிப் பொத்தனூர்ப் பக்கத்துக் கொடிக்கால்களுக்குப் போவோம். ஸ்டெதாஸ்கோப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வா. வெற்றிலை கிள்ளுகிறவர்கள் காலை ஆகாரத்துக்கு எத்தனை மணிக்குக் கை கழுவுகிறார்கள் என்று பார்த்து வருவதற்காகவே போகிறோம்.

உன் நலம் விழையும்,
பழைய வைத்தியன்