வெயிலுக்குப் பழக இரண்டு வாரம்

நம் ஊர்க் கொத்தனார் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். "நாங்க பார்க்காத வெயிலா?" என்பார். உண்மைதான். சித்திரை வெயிலில் தளத்தின் மேல் நின்று கான்கிரீட் போட்டவர் அவர். செங்கல் சுமந்தவர். சாரத்தில் ஏறி இறங்கியவர். அதனால் துபாய்க்கோ அபுதாபிக்கோ கட்டட வேலைக்குப் போகும்போது வெயிலைப் பற்றி அவர் கவலைப்படுவதில்லை. சம்பளம் ஒழுங்காக வருமா, சாப்பாடு எப்படி, பேச்சு புரியுமா என்றுதான் யோசிக்கிறார்.

ஆனால் புதிதாகப் போனவரை அங்கே முதலில் கீழே தள்ளுவது வெயில்தான். அதுவும் வேலையில் சேர்ந்த முதல் சில நாள்களிலேயே. ஏன் அப்படி?

உங்கள் வீட்டு மண்பானையைப் பாருங்கள். பானையில் ஊற்றிய தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் நுண்ணிய துளைகள் வழியாகத் தண்ணீர் கசிகிறது. காற்றுப் பட்டு உலர்கிறது. உலரும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மழைக்காலத்தில் காற்று ஈரமாக இருக்கும். அப்போது பானைத் தண்ணீர் அவ்வளவாகக் குளிர்வதில்லை. இதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

நம் உடம்பும் ஒரு மண்பானைதான். வியர்வை உலர்ந்தால் உடம்பு குளிரும். வெறுமனே வழிந்து சொட்டினால் குளிராது.

துபாய், அபுதாபி, சார்ஜா எல்லாம் ஐக்கிய அரபு அமீரகம் என்ற ஒரே நாட்டில் உள்ளன. பாலைவன நாடு என்பதால் அங்கே காற்று வறண்டு கிடக்கும் என்று நினைக்கிறோம். ஆனால் இந்த ஊர்கள் கடலோரத்தில் இருக்கின்றன. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அதோடு கடலின் ஈரமும் சேரும். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். ஆனால் உடம்புச் சூடு இறங்காது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நம் ஊரில் வெயில் ஏறினால் கொத்தனார் நிழல் பக்கச் சுவருக்கு நகர்ந்துவிடுவார். சித்தாளை அனுப்பி டீ வாங்கி வரச் சொல்வார். வேலையின் வேகம் அவர் கையில் இருக்கிறது. அங்கே வேகம் ஃபோர்மேன் கையில். பழைய ஆள்களோடு புது ஆளும் சேர்ந்து ஓட வேண்டும்.

உடம்பு பழகுவது எப்படி?

உடம்பு வெயிலுக்குப் பழகும். ஆனால் ஒரே நாளில் பழகாது. ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். அந்த நாள்களில் உடம்புக்குள் நிறைய மாறுகிறது. வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்குகிறது. அதிகமாகவும் சுரக்கிறது. வியர்வையில் போகும் உப்பு குறைகிறது. அதே வேலைக்கு இதயம் முன்போல் வேகமாகத் துடிக்க வேண்டியதில்லை. பக்கத்தில் வேலை செய்யும் பழைய ஆள் உங்களைவிடப் பலசாலி என்பதில்லை. அவர் உடம்பு பழகிவிட்டது. உங்கள் உடம்பு இன்னும் பழகவில்லை.

அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறது. புது ஆள் முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் வெயிலில் வேலை செய்ய வேண்டும். 8 மணி நேர வேலை என்றால், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அடுத்த நாள் இன்னொரு பங்கு கூட்டலாம். இப்படி ஐந்தாம் நாளில்தான் முழு வேலை.

"எந்த ஃபோர்மேன் இதுக்கு விடுவாரு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லா இடத்திலும் விட மாட்டார்கள். ஆனாலும் நம் கையில் சில உண்டு. முதல் வாரம் கட்டடத்தின் உள்ளே வேலை தரும்படி கேட்கலாம். பாரமான வேலையை விடியற்காலையில் முடித்துவிடலாம். பழைய ஆளோடு போட்டி போடாமல் இருக்கலாம். புறப்படும் மாதத்தை நீங்கள் தீர்மானிக்க முடிந்தால், நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போய்ச் சேருங்கள். அப்போது அங்கே வெயில் குறைவு. கோடை வருவதற்குள் வேலையும் இடமும் பழகிவிடும்.

விடுமுறையில் ஊருக்கு வந்து ஒன்றிரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கும் இது பொருந்தும். பழகிய உடம்பு சில வாரங்களில் பழக்கத்தை மறந்துவிடும். பத்து வருடம் அங்கே வேலை பார்த்தவரும் திரும்பிப் போகும்போது புது ஆள்தான்.

எங்கள் படிப்பு மையத்துக்கு வருகிற கொத்தனார் ஒருவர் சொன்னதைக் கேளுங்கள்.

"மூணாம் நாளே தலை சுத்துச்சு தம்பி. கம்பியப் புடிச்சா கை நடுங்குது. ஆனா வாயத் தெறக்கல. முடியலன்னு சொன்னா திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு பயம். ரெண்டு லட்சம் கடன் வாங்கிட்டுப் போயிருக்கேன். பக்கத்துல நின்ன நேபாளத்துப் பையன்தான் என் மொகத்தப் பாத்துட்டு நிழலுக்கு இழுத்துட்டுப் போனான். அவன் பேசுனது ஒண்ணும் எனக்குப் புரியல. பானி, பானின்னு மட்டும் புரிஞ்சுது."

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று கடன். அதைப் பிறகு பார்ப்போம். இன்னொன்று, பக்கத்தில் நிற்கும் ஆள். வெயில் தாக்கியவருக்குத் தனக்கு என்ன ஆகிறது என்பது தெரியாது. அடுத்தவருக்குத்தான் தெரியும். ஆகவே முதல் நாளே ஒரு கூட்டாளியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி.

தண்ணீரும் ஓய்வும்

தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. வெயில் வேலையில் 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரே மூச்சில் இரண்டு லிட்டர் குடிப்பதும் தவறு. வியர்வையோடு உப்பும் போவதால் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். காலையில் நீராகாரம் கிடைத்தால் நல்லது. அங்கே எங்கே கிடைக்கும்? மோரில் உப்புப் போட்டுக் குடியுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். இப்படியே பல மாதம் விட்டால் சிறுநீரகம் கெடும்.

அமீரகத்தில் ஒரு விதி இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் நேர் வெயிலில் வேலை வாங்கக் கூடாது. 2005 முதல் இந்த நண்பகல் ஓய்வு நடைமுறையில் இருக்கிறது. மீறும் கம்பெனி ஓர் ஆளுக்கு 5,000 திர்ஹாம் அபராதம் கட்ட வேண்டும். பாதியில் நிறுத்த முடியாத கான்கிரீட் போன்ற சில வேலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அப்போதும் நிழலும் குளிர்ந்த தண்ணீரும் தர வேண்டும். மற்ற வளைகுடா நாடுகளிலும் இப்படி விதி உண்டு. நேரம்தான் நாட்டுக்கு நாடு மாறும்.

அந்த இரண்டரை மணி நேரத்தைத் தூங்கப் பயன்படுத்துங்கள். செல்போனில் கழிக்காதீர்கள். இதைச் சொன்னால் எங்கள் மையத்து இளைஞர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் இரவு சரியாகத் தூங்காத உடம்பு வெயிலைத் தாங்காது.

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழலுக்குப் போய்விடுங்கள். ஒருவர் உளறினால், தள்ளாடினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அது ஆபத்து. அவர் குடித்திருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். நிழலில் படுக்க வையுங்கள். சட்டையையும் பூட்ஸையும் கழற்றுங்கள். உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். விசிறுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அமீரகத்தில் ஆம்புலன்ஸ் எண் 998.

நான்கு சொற்கள்

வேலை இடத்தில் அதிகம் கேட்கும் பேச்சு இந்திதான். பானி என்றால் தண்ணீர். ருக்கோ என்றால் நில். ஊப்பர் என்றால் மேலே. நீச்சே என்றால் கீழே. கிரேன் சுற்றும் இடத்தில் ருக்கோ என்ற சொல் உயிரைக் காக்கும். அரபியில் கலாஸ் என்றால் முடிந்தது. மற்றவை போகப் போக வந்துவிடும்.

சாரமும் வேறு மாதிரி. நம் ஊரில் சவுக்குக் கம்பைக் கயிற்றால் கட்டி, வெறுங்காலோடு ஏறுகிறோம். அங்கே இரும்புக் குழாய்ச் சாரம். அதில் அட்டை தொங்கும். பச்சை என்றால் ஏறலாம். சிவப்பு என்றால் ஏறக் கூடாது. இடுப்பு வாரை மாட்டினால் போதாது, கொக்கியையும் மாட்ட வேண்டும்.

கடனும் காகிதமும்

அந்தக் கொத்தனார் ஏன் வாய் திறக்கவில்லை? கடனுக்குப் பயந்து. வட்டிக்கு வாங்கியவர் ஓய்வு எடுக்க மாட்டார். ஆகவே வெயிலுக்குத் தயாராவது ஊரிலேயே தொடங்குகிறது.

நம் நாட்டில் அரசிடம் பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்கு வரியும்தான் கட்டணமாக வாங்கலாம். அமீரகச் சட்டப்படி ஆள் எடுக்கும் செலவு முதலாளியுடையது. இரண்டு லட்சம் கேட்பவர் யார் என்று யோசியுங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவருக்குக் குடிபெயர்வுச் சோதனை தேவை என்று குறிப்பிட்ட பாஸ்போர்ட் தருகிறார்கள். அதை வைத்து அமீரகத்துக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும். இது தொந்தரவு என்று சொல்லிச் சிலர் சுற்றுலா விசாவில் அனுப்புகிறார்கள். ஏமாறாதீர்கள். அனுமதி பெற்றுப் போனால் பிரவாசி பாரதிய பீமா திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் கிடைக்கும்.

அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் வேலைக் கடிதம் தமிழிலும் உண்டு. தமிழில் கேட்டு வாங்குங்கள். எழுத்துக் கூட்டியாவது முழுவதும் படியுங்கள். அடிப்படைச் சம்பளம் என்ற வரியில் விரலை வையுங்கள். மொத்தத் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஓவர்டைம் கணக்கு அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான். கடிதத்தின் நகல் ஒன்றை வீட்டில் இருப்பவரிடம் கொடுங்கள். படிக்கத் தெரிந்த மனைவி கையில் அந்தத் தாள் இருப்பது நல்லது. சம்பளம் குறைந்தால் அவரும் கேள்வி கேட்பார். அங்கே நம் தூதரகத்தின் இலவச உதவி எண் 80046342. பாஸ்போர்ட்டைக் கம்பெனி பிடுங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் சட்டம்.

பயிற்சி

1. ஒருவருடைய அடிப்படைச் சம்பளம் மாதம் 960 திர்ஹாம். 30 நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு எவ்வளவு? அதை 8 மணியால் வகுத்தால் ஒரு மணிக்கு எவ்வளவு? பகல் ஓவர்டைமுக்கு கால் பங்கு கூடுதலாகத் தர வேண்டும். அப்படியானால் ஒரு மணி ஓவர்டைமுக்கு எவ்வளவு? (விடை: 32, 4, 5 திர்ஹாம்.)

2. முதல் நாள் வேலைக்குப் போகும் தம்பிக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுதுங்கள். தண்ணீர், கூட்டாளி, ஓய்வு நேரம் மூன்றும் அதில் வர வேண்டும்.

3. வளைகுடா போய் வந்தவர் ஒருவரை மையத்துக்கு அழைத்து வாருங்கள். முதல் வாரம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவர் சொன்னதைப் பத்து வரியில் எழுதி அவருக்கே படித்துக் காட்டுங்கள்.